தானே நகரும் பீரங்கியின் படத்தை வைத்து அதன் காலத்தையும் தரத்தையும் கண்டுபிடிப்பது எப்படி?

தானே நகரும் பீரங்கி ஒன்றின் படத்தைக் காட்டினால் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, “இது எவ்வளவு தூரம் சுடும்?” என்பதுதான். நான் கேட்பது இரண்டு வேறு கேள்விகள். வண்டி நின்றதிலிருந்து முதல் குண்டு கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும்? கடைசிக் குண்டு கிளம்பிய பிறகு அந்த இடத்தை விட்டு ஓட எவ்வளவு நேரம் ஆகும்? இந்த வண்டிகளில் நூறு வருடங்களாகச் செய்த மாற்றங்களில் பெரும்பகுதி இந்த இரண்டு நேரங்களையும் சுருக்கத்தான். அதன் தடயங்கள் வண்டியின் உடம்பிலேயே இருக்கின்றன. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

நான் 1/35 அளவில் பிளாஸ்டிக் மாடல் செய்பவன். ஒரு வண்டியின் எல்லா மூலைகளையும் பார்க்காமல் அதைச் செய்ய முடியாது என்பதால் இந்தப் பழக்கம் வந்தது. உங்களுக்கு வேண்டியது பக்கவாட்டுப் படம் ஒன்று, பின்பக்கப் படம் ஒன்று, ஒரு ஸ்கேல். அணிவகுப்புப் படங்களை நம்பிக் கிளம்பாதீர்கள். அவற்றில் முன்பக்கமும் பளபளப்பும்தான் இருக்கும். பயிற்சிக் களத்தில் சேறு பூசி நிற்கும் படம் ஒன்று அதைவிடப் பத்து மடங்கு மேல்.

முதலில் இது டாங்கி இல்லை என்று உறுதி செய்யுங்கள்

சங்கிலியில் ஓடி, நீளமாகக் குழல் வைத்திருந்தால் செய்திகளில் எல்லாமே டாங்கிதான். பிரிப்பது கஷ்டமில்லை. டாங்கி, கண்ணுக்குத் தெரியும் எதிரியை நேராகச் சுடுவது. அதனால் உயரம் குறைவு, முகப்பில் கனமான கவசம், குழலைத் தாங்கிச் சுழலும் கோபுரம் நடுவில். பீரங்கி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பார்க்காத இலக்கைச் சுடுவது. குழலை 65, 70 டிகிரிக்குத் தூக்க வேண்டும். முன்முனை மேலே போனால் பின்முனை கீழே இறங்கும். சுட்டதும் அது இன்னும் கீழே உதைத்துக்கொண்டு வரும். அதற்கு இடம் விட வேண்டும். அதோடு உள்ளே ஆட்கள் நின்றுகொண்டு 43 கிலோ குண்டைத் தூக்க வேண்டும். ஆகவே கோபுரம் உயரமான பெட்டியாக, வண்டியின் பின்பாதியில் உட்கார்ந்திருக்கும். என்ஜின் முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் போய்விடும். பின்னால் ஆளும் குண்டும் ஏறிப் போக ஒரு கதவு.

பெட்டிக் கோபுரம், பின்கதவு, முன் என்ஜின் ஆகிய மூன்றும் இருந்தால் பீரங்கி என்று எழுதிக்கொள்ளலாம். அமெரிக்க எம்109, ஜெர்மனியின் பான்ஸர்ஹவ்பிட்ஸ 2000, தென்கொரியாவின் கே9, பிரிட்டனின் ஏஎஸ்90 எல்லாமே இந்த அமைப்புதான். விதிவிலக்கும் உண்டு. 1989-ல் வந்த சோவியத் 2எஸ்19 எம்ஸ்டா-எஸ், டி-72, டி-80 டாங்கிகளின் பாகங்களை எடுத்துச் செய்த வண்டி. அதில் என்ஜின் பின்னால்தான். இதில் பெட்டிக் கோபுரத்தின் உயரத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

கவசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எம்109-ன் உடல் அலுமினியம். துப்பாக்கித் தோட்டாவையும் குண்டுச் சிதறலையும் தாங்கும், டாங்கியின் குண்டைத் தாங்காது. பார்க்க மிரட்டலாக இருக்கிறதே என்று அதை டாங்கியோடு மோத விட்டுக் கற்பனை செய்ய வேண்டாம்.

இரண்டாம் உலகப் போரின் ஸ்டுக், ஐஎஸ்யூ-152 போன்றவை இன்னொரு வகை. கோபுரமே இல்லாமல் தாழ்வாக, கனமான முகப்போடு இருக்கும். காலாட்படையோடு முன்னால் போய் நேராகச் சுடப் பிறந்தவை. இந்தக் கட்டுரையில் அவற்றைத் தனியே வைத்துவிடுகிறேன்.

கூரையைப் பாருங்கள்

கூரை இருக்கிறதா, திறந்து கிடக்கிறதா? காலத்தைக் கணிக்க மிக வேகமான வழி இது.

முதல் உலகப் போரில், 1917-ல், பிரிட்டன் ‘கன் கேரியர்’ என்று ஒன்றைச் செய்தது. மார்க் 1 டாங்கியின் பாகங்கள் மேல் 60 பவுண்டர் (60 பவுண்டு எடைக் குண்டைச் சுடும்) பீரங்கியையோ 6 அங்குல ஹவிட்ஸரையோ (குண்டை உயர வளைத்து எறியும் பீரங்கி) ஏற்றிக்கொண்டு போவது. சுமார் 50 வண்டிகள் செய்தார்கள், கடைசியில் பெரும்பாலும் சாமான் சுமக்கத்தான் பயன்பட்டன. 1920களின் நடுவில் விக்கர்ஸ் டாங்கி மேல் 18 பவுண்டர் வைத்த ‘பர்ச் கன்’ வந்தது. யோசனை நல்லதுதான், ஆனால் அதை யாரும் தொடரவில்லை.

பிறகு இரண்டாம் உலகப் போர். டாங்கிகள் வேகமாக ஓட, இழுத்து வரும் பீரங்கிகள் பின்தங்கின. எல்லா நாடுகளும் அவசர அவசரமாக ஒரே வேலையைச் செய்தன: கையிலிருக்கும் பீரங்கியை எடுத்து, கையிலிருக்கும் டாங்கியின் அடிப்பாகத்தில் வை. ஜெர்மனி பான்ஸர் 2 மேல் 105 மி.மீ. வைத்தால் அது வெஸ்பே. பான்ஸர் 3, 4 பாகங்களைக் கலந்து 150 மி.மீ. வைத்தால் ஹும்மல். அமெரிக்கா எம்3 டாங்கி மேல் 105 மி.மீ. வைத்தது எம்7. கனடா ராம் டாங்கி மேல் 25 பவுண்டர் வைத்தது செக்ஸ்டன். இவை எல்லாமே மேலே திறந்த தொட்டிகள்.

எம்7-ல் இயந்திரத் துப்பாக்கி நிற்கும் வட்டமான மேடை, தேவாலயப் பிரசங்க மேடை மாதிரி இருந்ததால் பிரிட்டிஷ்காரர்கள் அதை ‘ப்ரீஸ்ட்’ என்றார்கள். பிஷப், டீக்கன், செக்ஸ்டன் என்று தேவாலயமே அணிவகுத்தது. போருக்குப் பிறகு வந்த 105 மி.மீ. வண்டிக்கும் ‘அபட்’ என்று பெயர்.

இதில் பிஷப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வேலன்டைன் டாங்கி மேல் பெரிய இரும்புப் பெட்டி, அதற்குள் 25 பவுண்டர். பீரங்கி நல்ல பீரங்கி, பெட்டிதான் சிறியது. குழலை 15 டிகிரிக்கு மேல் தூக்க முடியவில்லை. தரையில் நின்றால் 12 கிலோமீட்டர் சுடக்கூடிய அதே பீரங்கி, இந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்ததும் அதில் பாதி தூரத்தோடு நின்றுபோனது. வீரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மண்ணைக் குவித்துச் சரிவு கட்டி, வண்டியின் மூக்கை மேலே ஏற்றி வைத்துச் சுட்டார்கள். பிஷப் படங்களைத் தேடினால், மேட்டில் ஏறி நிற்கும் படம் கண்ணில் பட்டால், வண்டி தற்செயலாக அங்கே நிற்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். எம்7-க்கும் இதே தொல்லை இருந்தது. 35 டிகிரிதான் எழும்பும். கொரியப் போரில், மலைகளில் அது போதவில்லை, அதனால் பீரங்கியை உயர்த்தி வைத்து எம்7பி2 என்று மாற்றினார்கள். எம்7 மாடல் செய்கிறவர்கள் இந்த உயரத்தைக் கவனிக்காமல் விட்டால் படத்துக்கும் மாடலுக்கும் ஒத்தே வராது.

போருக்குப் பிறகு அணுகுண்டு பயம் வந்தது. திறந்த தொட்டியில் கதிரியக்கத் தூசி விழும், விஷவாயு புகும். ஆகவே மூடிய கோபுரம், முழு வட்டமும் சுழலும் அமைப்பு. 1963-ல் சேவைக்கு வந்த எம்109 இந்தத் தலைமுறையின் அடையாளம். சோவியத் ஒன்றியம் 1970களின் தொடக்கத்தில் 122 மி.மீ. 2எஸ்1, 152 மி.மீ. 2எஸ்3 இரண்டையும் கொண்டுவந்தது. அவர்கள் வைத்த பெயர்கள் எல்லாம் பூக்கள்: குவோஸ்திகா, அகாத்சியா, தியூல்பான், பியோன். இவற்றில் தியூல்பான் 240 மி.மீ. மார்ட்டர், பியோன் 203 மி.மீ. பீரங்கி. அந்தப் பூவை யாரும் முகர்ந்து பார்க்க விரும்ப மாட்டார்கள்.

கூரை இல்லை என்றாலே பழையது என்று முடிவு கட்டவும் கூடாது. அமெரிக்காவின் எம்107, எம்110, சோவியத் பியோன் போன்ற மிகப் பெரிய பீரங்கிகள் பனிப்போர் காலத்திலும் திறந்தேதான் இருந்தன. அந்த அளவுக்குக் கோபுரம் கட்டினால் வண்டி தாங்காது. இந்தியா விஜயந்தா டாங்கியின் உடலில் 130 மி.மீ. பீரங்கி வைத்துச் செய்த ‘கேட்டபல்ட்’டும் கோபுரம் இல்லாததுதான். எனவே கூரையோடு குழலின் பருமனையும் சேர்த்துப் பாருங்கள்.

குழலை அளப்பது

படிக்கும் இடமெல்லாம் ‘39 காலிபர்’, ‘52 காலிபர்’ என்று வரும். கணக்கு எளிது. குழலின் உள்விட்டத்தை அந்த எண்ணால் பெருக்கினால் குழலின் நீளம். 155 மி.மீ. பீரங்கிக்கு:

23 காலிபர் என்றால் சுமார் 3.6 மீட்டர். 39 என்றால் 6 மீட்டர். 45 என்றால் 7 மீட்டர். 52 என்றால் 8 மீட்டர்.

1/35 அளவில் இவை முறையே 10.2, 17.3, 19.9, 23 சென்டிமீட்டர். என் மேசை ஓரத்தில் இந்த நான்கு கோடுகளைக் கீறி வைத்திருக்கிறேன், பெட்டியில் வரும் குழலை எடுத்து வைத்துப் பார்க்க வசதி. முனையில் பின்னுதைப்பைக் குறைக்க வைத்திருக்கும் மசில் பிரேக்கை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படத்தில் அளக்கும்போது ஒரு சிக்கல் வரும். குழலின் பின்பகுதி கோபுரத்துக்குள் மறைந்திருக்கும். ஆகவே நேரடியாக அளக்க முடியாது. ஒரே குடும்பத்து வண்டிகளை ஒப்பிட, மூக்குக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் போதும். முதல் எம்109-ல் குழல் மூக்கைத் தாண்டி சுமார் அரை மீட்டர்தான் நீட்டும், அதுவும் பெரும்பாலும் பருத்த மசில் பிரேக்தான். எம்109ஏ1 முதல் 39 காலிபர் குழல் வந்ததும் அது கிட்டத்தட்ட மூன்று மீட்டர் ஆனது. தூரமும் 14.6 கி.மீ.யிலிருந்து 18 கி.மீ.க்குப் போனது. வேறு வேறு குடும்பத்து வண்டிகளை இப்படி ஒப்பிடாதீர்கள். பான்ஸர்ஹவ்பிட்ஸ 2000-ன் குழல் 52 காலிபர், ஆனால் உடலும் நீளம், கோபுரம் பின்னால் தள்ளி இருக்கிறது. வெளியே நீட்டுவது பழைய எம்109ஏ2-வைவிடக் கொஞ்சம்தான் அதிகமாகத் தெரியும்.

நேட்டோ நாடுகள் சில 155 மி.மீ.க்கு ஒரே அளவில் மருந்து அறையும் (குண்டைத் தள்ளும் வெடிமருந்து எரியும் இடம்) குழல் நீளமும் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டன. 52 காலிபருக்கு 23 லிட்டர் அறை. அதனால்தான் ஜெர்மன் வண்டியும் பிரெஞ்சு வண்டியும் கொரிய வண்டியும் தூரத்தில் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொல்கின்றன. சோவியத் வழி வந்த 152 மி.மீ. வேறு உலகம். மூன்று மில்லிமீட்டர்தானே என்று குண்டை மாற்றிப் போட முடியாது.

சின்னச் சாமான்கள்: இங்கேதான் நேரம் ஒளிந்திருக்கிறது

குழல் ஓடும்போது ஆடாமல் இருக்க, வண்டியின் மூக்கில் ஒரு கவட்டை அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பயணப் பூட்டு. பழைய எம்109-ல் சுடுவதற்கு முன் ஒரு ஆள் வெளியே இறங்கி அதைக் கழற்ற வேண்டும், கிளம்பும்போது மறுபடி இறங்கிப் பூட்ட வேண்டும். எதிரியின் குண்டு வந்துகொண்டிருக்கும் நேரத்தில் வண்டியின் மூக்கில் நின்று பூட்டோடு மல்லுக்கட்டுவதை நினைத்துப் பாருங்கள். எம்109ஏ6 பலடினில் இதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே விடுவிக்கலாம். படத்தில் பூட்டின் அருகே இயக்கும் கை, குழாய் போன்றவை தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். மாடல் செய்கிறவர்கள் அலட்சியமாக விடும் பாகம் இது. எனக்கோ முழு வண்டியிலும் பிடித்த பாகம்.

அடுத்தது பின்னால் மண்ணில் ஊன்றும் தகடு, ஸ்பேட். எம்110-லும் பியோனிலும் புல்டோசர் தகடு மாதிரி பெரிதாக இருக்கும். எம்109-ல் இரண்டு சிறியவை. கே9, ஏஎஸ்90, பான்ஸர்ஹவ்பிட்ஸ 2000 ஆகியவற்றில் இல்லவே இல்லை. எடையும் சஸ்பென்ஷனும் பின்னுதைப்பை வாங்கிக்கொள்கின்றன. தகடு இல்லை என்றால் அதை இறக்க நேரமில்லை, ஏற்றவும் நேரமில்லை, மண்ணில் சிக்கிக்கொண்டது என்ற பேச்சும் இல்லை.

மூன்றாவது, குழலின் அடிப்பக்கத்தில் மேலேயோ ஓரத்திலோ தட்டையாக ஒரு சிறு பெட்டி. குண்டு வாயை விட்டுக் கிளம்பும் வேகத்தை அளக்கும் ரேடார் அது. குழல் தேயத் தேய, மருந்தின் சூடு மாற மாற, இந்த வேகம் மாறும். விநாடிக்குச் சில மீட்டர் வித்தியாசம், 30 கி.மீ. தள்ளி நூறு மீட்டர் அளவுக்கு விலக்கிவிடும். முன்பெல்லாம் சுட்டு, விழுந்த இடத்தைப் பார்த்து, திருத்திச் சுடுவார்கள். அந்தத் திருத்தம் எதிரிக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. ரேடார் இருந்தால் முதல் குண்டிலிருந்தே கணினி கற்றுக்கொள்கிறது.

அப்புறம் வண்டியை விட்டுத் தரையைப் பாருங்கள். இது என் சொந்த வழி, நன்றாக வேலை செய்கிறது. 1960, 70களின் படங்களில் ஆறு பீரங்கிகள் பக்கம் பக்கமாக ஒழுங்காக நிற்கும். தரையில் தொலைபேசிக் கம்பி ஓடும். கொஞ்சம் தள்ளிப் பட்டை பட்டையாக வண்ணம் அடித்த குறிக்கம்புகள் நட்டிருக்கும். யாராவது ஒருவர் முக்காலியில் வைத்த கருவியில் கண் வைத்திருப்பார். அன்றைக்கு ஒவ்வொரு பீரங்கிக்கும் “நீ எங்கே இருக்கிறாய், எந்தத் திசையைப் பார்க்கிறாய்” என்பதை வெளியிலிருந்து ஒருவர் அளந்து சொல்ல வேண்டும். பீரங்கிக்காரர் கோபுரத்தின் மேல் இருக்கும் பெரிஸ்கோப்பால் அந்தக் கம்புகளைப் பார்த்துத்தான் திசையைப் பிடிப்பார். எம்109-ன் கோபுரக் கூரையில் இடது முன்மூலையில் துருத்திக்கொண்டிருக்கும் மூடி இதற்குத்தான். தனியாக ஒரு கூடாரத்தில் அட்டவணையும் நழுவு அளவுகோலும் (ஸ்லைடு ரூல்) வைத்துக் கணக்கு போடுவார்கள்.

இப்போது அந்த வேலை எல்லாம் வண்டிக்குள்ளேயே நடக்கிறது. திசையை உணரும் ஜைரோ கருவியும் ஜி.பி.எஸ்.சும் இடத்தையும் திசையையும் சொல்கின்றன, கணினி கோணத்தைச் சொல்கிறது, மோட்டார் குழலைத் திருப்புகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பலடின், கட்டளை வந்ததும் நின்று ஒரு நிமிடத்துக்குள் முதல் குண்டைச் சுட முடியும். கம்பும் கம்பியும் முக்காலியும் படத்தில் இல்லை, வண்டி தன்னந்தனியாக ஒரு மரத்தடியில் நிற்கிறது என்றால், 1990களுக்குப் பிந்தைய தலைமுறை என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஏன் இந்த அவசரம்? எதிரியிடமும் ரேடார் இருக்கிறது. பறக்கும் குண்டின் பாதையைப் பார்த்து அது கிளம்பிய இடத்தைக் கணக்கிடும். அமெரிக்க ஃபயர்ஃபைண்டர் ரேடார்கள் இந்த வேலைக்கே வந்தவை. பதில் குண்டு பறந்து வர 20 கி.மீ.க்கு ஒரு நிமிடம் போல ஆகும். அதற்குள் கிளம்பிவிட வேண்டும். இதைச் ‘சுட்டுவிட்டு ஓடு’ என்பார்கள்.

பின்கதவைத் திறந்து பாருங்கள்

உள்ளே எத்தனை பேர், யார் குண்டைத் தூக்குகிறார்கள்? முதல் எம்109-ல் ஆறு பேர், உள்ளே 28 குண்டுகள். ஆட்கள்தான் தூக்கிக் கொடுப்பார்கள். நிமிடத்துக்கு நான்கு வரை சுடலாம், ஆனால் தொடர்ந்து சுட்டால் நிமிடத்துக்கு ஒன்றுதான். மனிதனும் களைப்பான், குழலும் சூடாகும்.

இயந்திரமே குண்டு போடும் முயற்சி நாம் நினைப்பதைவிடப் பழையது. ஸ்வீடனின் பேண்ட்கனோன் 1 என்ற 155 மி.மீ. வண்டி 1960களிலேயே சேவைக்கு வந்தது. பின்னால் 14 குண்டுகள் கொண்ட பெட்டி, ஒரு நிமிடத்துக்குள் அத்தனையும் காலி. 53 டன் எடை, செய்தது 26 மட்டும். செக்கோஸ்லோவாக்கியாவின் டானா இன்னொரு அதிசயம். கோபுரம் இரண்டு பாதியாகப் பிளந்து, நடுவே உள்ள இடைவெளியில் பீரங்கி வெளியே இருக்கும். ஆட்கள் இரு பக்கமும் தனித்தனிப் பெட்டிகளில். வெடிப்புகை ஆட்கள் பக்கம் வருவதே இல்லை. மற்ற வண்டிகளில் குழலின் நடுவில் தடித்த உருளை ஒன்று இருக்குமே, புகையை வாய்ப்பக்கம் தள்ளுவதற்கு? டானாவில் அது கிடையாது. எந்தக் கோணத்தில் குழல் நின்றாலும் இயந்திரம் குண்டு போடும்.

1998-ல் வந்த பான்ஸர்ஹவ்பிட்ஸ 2000-ல் 60 குண்டுகள், இயந்திரம் குண்டை எடுத்துக் கொடுக்கும், மருந்தை ஆள் வைப்பார். முதல் மூன்று குண்டுகள் பத்து விநாடிக்குள். கே9-ல் 48 குண்டுகள், 15 விநாடியில் மூன்று. வேகமாகச் சுட முடிந்தால் இன்னொரு வித்தையும் செய்யலாம். முதல் குண்டை உயரமான கோணத்தில், அடுத்ததைக் கொஞ்சம் தாழ்வாக, அதற்கடுத்ததை இன்னும் தாழ்வாக அனுப்பினால் எல்லாம் ஒரே நேரத்தில் போய் விழும்.

உள்ளே எத்தனை குண்டு என்று கேட்டதும், தீர்ந்தால் யார் தருவார் என்றும் கேளுங்கள். படத்தில் பீரங்கிக்குப் பின்னால் முட்டிக்கொண்டு, துதிக்கை மாதிரி ஒரு நீட்டலை உள்ளே விட்டுக்கொண்டு இன்னொரு சங்கிலி வண்டி நின்றால் அது கொரியாவின் கே10. கே9-ன் உடலிலேயே செய்த குண்டு வண்டி, ஆள் வெளியே வராமலே குண்டுகளை ஊட்டும். நல்ல பீரங்கி வாங்கிவிட்டு குண்டை லாரியிலிருந்து கையால் இறக்கிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன விநாடிகளுக்கு அர்த்தம் கொஞ்சம்தான்.

சக்கரமா, சங்கிலியா

சங்கிலி சேற்றில் போகும், ஆனால் கனம், எரிபொருள், பராமரிப்பு எல்லாம் அதிகம். தொலைதூரம் போக ட்ரெய்லர் வேண்டும். சக்கரம் சாலையில் பறக்கும். டானா எட்டுச் சக்கர டாட்ரா லாரி மேல். தென்னாப்பிரிக்காவின் ஜி6, ஆறு பெரிய சக்கரங்களோடு பரந்த வறண்ட நிலத்துக்கு. பிரான்ஸின் சீஸர் ஒரு லாரியின் பின்னால் 52 காலிபர் பீரங்கியை வைத்தது, சுமார் 18 டன், சி-130 விமானத்தில் ஏறும். சுடும்போது பின்னால் பெரிய ஸ்பேட் இறங்கும். ஆட்கள் வெளியே நின்று குண்டு போடுவார்கள், அதுதான் பலவீனம். ஸ்வீடனின் ஆர்ச்சர், அதே லாரி யோசனையை எடுத்து எல்லாவற்றையும் கேபினுக்குள் இருந்தே செய்ய வைத்தது. ஓடும்போது குழல் முதுகில் ஒரு நீண்ட மூடிக்குள் படுத்திருக்கும், நின்றதும் எழும். நின்று அரை நிமிடத்துக்குள் முதல் குண்டு.

சக்கரமா சங்கிலியா எது மேல் என்று சண்டை போடுகிறவர்கள் நிறைய. எந்த நிலத்தில், எவ்வளவு தூரம் போக என்று சொல்லாமல் அந்தச் சண்டையில் நான் இறங்குவதில்லை.

எண்களைப் படிக்கும்போது

தூரம் என்று ஒரே எண் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். எந்தக் குண்டு என்று கேளுங்கள். 52 காலிபர் பீரங்கி சாதாரணக் குண்டில் 30 கி.மீ. போகும். அடியில் வாயு கசிய விட்டு இழுவையைக் குறைக்கும் ‘பேஸ் பிளீட்’ குண்டில் 40. ராக்கெட் உதவியோடும், எக்ஸ்கேலிபர் போன்ற, இலக்குக்கு வழிகாட்டப்படும் குண்டோடும் வேறு எண்கள். சுடும் வேகத்துக்கும் அப்படித்தான்: முதல் சில விநாடிகளுக்கா, ஒரு மணி நேரத்துக்கா? எடை என்றால் குண்டு, எண்ணெயோடா இல்லாமலா?

பெயரின் வால் எழுத்தையும் கவனியுங்கள். எம்109, ஏ1, ஏ2, ஏ6, ஏ7 எல்லாம் ஒரே பெயரில் அறுபது வருடமாக ஓடுகின்றன. ஆனால் ஏ7-ல் பிராட்லி கவச வண்டியின் என்ஜினும் ஓட்டப் பாகங்களும். பழைய எம்109-ல் மிஞ்சியது வடிவம்தான் என்று சொன்னால் மிகையில்லை. எதிர்த்திசையிலும் நடக்கும். போலந்தின் கிராப், பெயர் புதிது, கோபுரம் பிரிட்டனின் ஏஎஸ்90 வழி வந்தது, உடல் கே9 வழி வந்தது. முதலில் வைத்த உள்நாட்டு உடலில் விரிசல் விழுந்ததால் கொரிய உடலுக்கு மாறினார்கள். துருக்கியின் ஃபிர்த்தினா, இந்தியாவின் வஜ்ரா, ஆஸ்திரேலியாவின் ஹண்ட்ஸ்மன் எல்லாம் கே9-ன் பிள்ளைகள். கொடியை விட்டு, சங்கிலிக்குள் உருளும் ஆறு சாலைச் சக்கரத்தையும் கோபுரத்தின் சரிவையும் பார்த்தால் ஒரே முகம் தெரியும்.

‘அடுத்த தலைமுறை’ என்று விளம்பரம் பார்த்தால் அது சேவைக்கு வந்ததா என்று முதலில் தேடுங்கள். அமெரிக்காவின் க்ரூசேடர், மூன்று பேரோடு எல்லாம் தானாக இயங்கும் வண்டி, 2002-ல் ரத்து. அதன் பிறகு வந்த என்எல்ஓஎஸ்-சி 2009-ல் ரத்து. பிறகு எம்109-ல் 58 காலிபர் குழலை, கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர் நீளத்தை, வைத்துப் பார்த்தார்கள். 2020 டிசம்பரில் யூமா பாலைவனச் சோதனையில் 70 கி.மீ. தள்ளி இலக்கை அடித்தது. குழல் சீக்கிரம் தேய்ந்துபோனது. 2024-ல் அந்தத் திட்டமும் நின்றது. நீளக் குழல், அதிக மருந்து, அதிக அழுத்தம். அதற்கு விலை குழலின் ஆயுள். ஆகவே தூர எண்ணோடு ‘குழல் எத்தனை குண்டு தாங்கும்’ என்பதையும் தேடிப் படியுங்கள். அது விளம்பரத் தாளில் பெரும்பாலும் இருக்காது.

2022-க்குப் பிந்தைய படங்கள்

உக்ரைன் போரின் படங்களில் ஒரே சட்டகத்தில் 1970களின் குவோஸ்திகாவும் சீஸரும் ஆர்ச்சரும் வரும். பழைய விதிகள் பல இங்கே குழம்பும். ட்ரோன் எந்நேரமும் மேலே நிற்கிறது. லான்செட் போன்ற, இலக்கைத் தேடி வந்து மோதும் ட்ரோன்களுக்கு எதிராகக் கோபுரத்தின் மேல் கம்பிக் கூண்டு, வலை, மரக்கிளை எல்லாம் கட்டியிருப்பார்கள். அதனால் கூரையின் சின்னச் சாமான்கள் மறைந்துவிடும். கூண்டைத் தாண்டிப் படிக்கச் சாலைச் சக்கரங்களை எண்ணுங்கள்: 2எஸ்1-க்கு ஏழு, மேலே சங்கிலியைத் தாங்கும் சிறு உருளைகள் கிடையாது. 2எஸ்3-க்கு ஆறு, முன் சக்கரங்களுக்கு இடையே மட்டும் இடைவெளி கூடுதல். எம்109-க்கும் ஏழுதான். அதனால் 2எஸ்1-உடன் குழம்பினால் உயரத்தைப் பாருங்கள், குவோஸ்திகா நீந்தக்கூடிய தாழ்ந்த வண்டி, எம்109 நெடிய பெட்டி.

ஆட்களின் எண்ணிக்கையும் இறங்கிக்கொண்டே வருகிறது. ஆறு, ஐந்து, பலடினில் நான்கு, கே9ஏ2-ல் மூன்று. பாக்ஸர் கவச வண்டி மேல் ஆளில்லாக் கோபுரம் வைத்த ஜெர்மனியின் ஆர்சிஎச் 155-ல் இரண்டே பேர், ஓடிக்கொண்டே சுடவும் முடியும். இந்த வகை வண்டியின் படம் கிடைத்தால் பின்கதவில் ஆளைத் தேடிப் பயனில்லை, குண்டு எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை நிமிடத்தில் ஏறுகிறது என்று தேடுங்கள்.